எத்தனையாம் பிள்ளை?

முதலில் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு நிம்மதியாகக் கதைக்கலாம்: போல் டான்ஸ். கம்ப நடனம். இரண்டு வருடமாகச் செவ்வாய்க்கிழமை இரவுகளில் நான் அதற்குத்தான் போய்வருகிறேன். அம்மாவுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "கோயிலுக்குப் போய்வாற பிள்ளை, கம்பத்தில தொங்கிறியோ?" என்றா. நான் வாய் திறக்க முதலே அடுத்த கேள்வி வந்தது: "மற்றாக்கள் எல்லாம் உன்னைவிட நல்லாச் செய்யினமோ?"

முதல் கேள்விக்குக் கொஞ்சம் வரலாறு தேவை, அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது கேள்விதான் இந்த மாதப் பத்தி. அது அம்மாவின் கேள்வி மட்டும் என்று நினைக்கவேண்டாம். எங்கள் வகுப்பில் தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட அதைத்தான் தங்களையே கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்த பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு அதன் மூல வடிவம் தெரிந்திருக்கும். "வகுப்பில எத்தனையாம் பிள்ளை?" தவணைப் பரீட்சை ரிப்போர்ட் வந்தவுடன் மாமா, மாமி, பக்கத்து வீட்டு ரீச்சர் எல்லாரும் கேட்பது. எத்தனை புள்ளி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எத்தனை பேருக்குப் பிறகு என்பதுதான் விஷயம். நான் பத்து வயதில் மொன்றியலுக்கு வந்தேன். கியூபெக் ரிப்போர்ட்டில் அந்தக் கட்டம் இல்லை என்று பார்த்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் வகுப்பின் சராசரியைப் போட்டிருந்தார்கள். அப்பா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவைத் தெரியாதவர்களுக்கு: மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம் இருக்கிற ஊர், இங்கே எல்லாரும் டி.டி.ஓ. என்றுதான் சொல்வது. எங்கள் பெற்றோரின் தலைமுறையில் பலர் கோட்-டெ-நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பக்கத்து அப்பாட்மெண்டுகளில் தொடங்கினார்கள். பிறகு வீடு, கராஜ், பின்வளவு என்று மேற்கே நகர்ந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. சென் ரெஜிஸ் வீதியில் திருமுருகன் கோயில் இருக்கிறது. அதன் வாசலில் செருப்புக் கழற்றுகிற நேரத்துக்குள் மூன்று பிள்ளைகளின் படிப்பு, இரண்டு வீடுகளின் விலை, ஒரு அரங்கேற்றத்தின் மண்டபச் செலவு எல்லாம் காதில் விழுந்துவிடும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அந்தச் செய்திகள் பிடிக்கும்.

ஸ்ரூடியோ எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். எட்டுக் கம்பங்கள். ஒவ்வொன்றும் 45 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாய், உலகப் போட்டிகளில் பாவிக்கிற அதே அளவு. ஒரு பூட்டை இறுக்கினால் அசையாமல் நிற்கும், தளர்த்தினால் சுழலும். வருகிறவர்கள் ஒரு மருத்துவமனைத் தாதி, இரண்டு பல்கலைக்கழக மாணவிகள், ஒரு கணக்காளர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி, ஒரேயொரு ஆண், நான். இது இடுப்பை ஆட்டுகிற விஷயம் என்று நினைக்கிறவர்கள் முதல் வகுப்பு முடிந்த அன்றிரவு தங்கள் ஷாம்பூப் போத்தலைத் தூக்கிப் பார்க்கவேண்டும். அடுத்த நாள் தொடை நாவல்பழ நிறத்தில் கண்டிப்போயிருக்கும். உருக்கில் தோல்தான் ஒட்டும், துணி வழுக்கும். கட்டைக் காற்சட்டை போடுவது அதற்காகத்தான்.

இந்தக் கலையில் இன்வேர்ட் என்று ஒன்று இருக்கிறது. நின்ற நிலையில் கம்பத்தைப் பிடித்து, துள்ளாமல், இடுப்பைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் கால்களால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்குவது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஆரம்பநிலை, அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் அடுத்த நிலை. எங்கள் வகுப்பின் "எத்தனையாம் பிள்ளை" அதுதான்.

போன மாரியில் இருபத்தி மூன்று வயது மாணவி ஒருத்தி சேர்ந்தாள். ஆறாவது கிழமை இன்வேர்ட் செய்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினோம். கூடச் சத்தமாகத் தட்டியது தாதிதான். அவவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இரண்டரை வருடமாக வருகிறா, இன்வேர்ட் இன்னும் வரவில்லை. வகுப்பு முடிந்து சப்பாத்துப் போடும்போது என்னிடம் பிரெஞ்சில் சொன்னா: நான் ஏன் இங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. அதே வகுப்பில், அரைமணித்தியாலத்துக்கு முன்னர், அவ கூரை வரைக்கும் ஏறி ஒரு கையை விட்டுவிட்டு இருந்திருக்கிறா. ஒரு வருடத்துக்கு முன் அவவால் இரண்டு எட்டுக்கூட ஏற முடியாது. அதை ஒருவரும் கைதட்டவில்லை. அவவே கவனிக்கவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிற ஆள், எனக்குக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. அந்த மாணவி சின்ன வயதில் எட்டு வருடம் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவள். ஆகவே ஆறு கிழமை என்று நாங்கள் பார்த்தது எட்டு வருடமும் ஆறு கிழமையும். அடுத்தது உயரம். ஒரே உடல்வாகு உள்ள இரண்டு பேரில் ஒருவர் 10 வீதம் உயரம், எல்லாப் பக்கமும் அதே விகிதத்தில் பெரியவர் என்று வையுங்கள். அவருடைய எடை 1.1 இன் மூன்றாம் அடுக்கால் கூடும், ஏறக்குறைய 33 வீதம். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, அது இரண்டாம் அடுக்கால் கூடும், 21 வீதம்தான். அதாவது உயரமானவர் தன்னுடைய ஒவ்வொரு கிலோவையும் குறைந்த பலத்தோடு தூக்குகிறார். நீளமான காலைத் தூக்குவது நீளமான தடியின் நுனியில் வாளியைத் தூக்குவது மாதிரி. தாதி எங்கள் வகுப்பிலேயே உயரமான பெண். பயிற்சிக்குத் தசை வேகமாகப் பலப்படும், தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். ஐம்பது வயதில் அவசரப்பட்டால் தோள் போய்விடும். இதற்கு மேல் எங்கள் ஊர் ஜனவரி. ஹீற்றர் காற்றில் தோல் காய்ந்து கடதாசி மாதிரிப் போய்விடும், காய்ந்த தோல் உருக்கில் பிடிக்காது, கிறீம் பூசினால் அதைவிட வழுக்கும்.

சாக்குச் சொல்லுறன் எண்டு நினைக்கவேண்டாம். வேலையில் இரண்டு சேர்வர்களின் வேகத்தை ஒப்பிடுகிறேன் என்று வந்து, எந்த புரோசசர், எவ்வளவு நினைவகம், என்ன சுமை என்று ஒன்றும் சொல்லாமல் ஒரேயொரு எண்ணைத் திரையில் காட்டினால் மீட்டிங்கில் சிரிப்பார்கள். சிரிக்கிற அதே ஆட்கள் பின்னேரம் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளையையும் தெரிந்தவரின் பிள்ளையையும் ஒரேயொரு எண்ணை வைத்து ஒப்பிடுவார்கள்.

ஒப்பிடாமல் இருங்கள் என்று சொல்வது சுலபம், ஆனால் அது நடக்காது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954 இல் இதைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். மனிதருக்குத் தன் திறமை எவ்வளவு என்று அறிகிற உந்துதல் உண்டு; அளக்க வேறு அளவுகோல் இல்லாத இடத்தில் மற்ற மனிதரை வைத்து அளப்பார்கள்; அதற்கும் தங்களுக்குக் கிட்ட நிற்கிறவர்களைத்தான் தேடுவார்கள், வெகுதூரத்தில் இருப்பவரை அல்ல.

இந்தக் கடைசிப் பகுதிக்கு மொன்றியலைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து அரைமணித்தியாலக் காரோட்டத்தில், சென் மிஷெல் பகுதியில், சேர்க் டு சொலெயின் தலைமையகம் இருக்கிறது. அதே இடத்தில்தான் 1981 இல் தொடங்கிய தேசிய சர்க்கஸ் பள்ளியும். அங்கே சீனக் கம்பம் என்பது ஒரு துறை: றப்பர் சுற்றிய உயரமான கம்பம், முழு உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அதில் ஓடி ஏறுவார்கள், தலைகீழாக விழுந்து தரைக்கு ஒரு சாண் மேலே நிற்பார்கள். உலகத்தில் அதைச் செய்யக்கூடியவர்களில் சிலர் எங்களோடு ஒரே மெற்றோவில் போய்வருகிறார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் மனம் நொந்ததில்லை. வாயைப் பிளந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்கு வருவோம். நோவது பக்கத்துக் கம்பத்தில் நிற்கிறவளைப் பார்த்துத்தான்.

கம்பத்தில் ஏறுவதற்கு எங்கள் மொழியிலும் ஒரு பழைய பெயர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மல்லர் கம்பம். மராத்தியில் மல்லகாம்ப். மல்லர்கள் மற்போருக்கு உடம்பைத் தயார்செய்யப் பழகிய கலை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். கீழே தடித்து மேலே மெலிந்து உச்சியில் குமிழ் வைத்த மரக்கம்பம். தோல் உரியாமல் இருக்க ஆமணக்கெண்ணெய் பூசுவார்கள். நாங்கள் பிடி வழுக்குது என்று கையில் சோக்குத் தூளைப் பூசிக்கொண்டு நிற்க, அவர்கள் எண்ணெய் பூசிய மரத்தில் பிடித்து உடம்பைக் கிடையாக நீட்டுவார்கள்! கயிற்றில் செய்கிற வகையும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்போன இடம் விழுப்புரம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் மல்லர் கம்பமும் ஒரு போட்டி.

அந்த விழுப்புரத்துப் பிள்ளைகளை வீடியோவில் பார்க்கும்போது நான் நினைப்பது வேறு. 2020 இல் இந்திய மத்திய அரசு, வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டுப் பட்டியலை 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக்கியது. புதிதாகச் சேர்ந்தவற்றில் மல்லகாம்பும் ஒன்று. ஆகவே அங்கே தரவரிசைக்கு விலை உண்டு. மூன்றாம் இடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறலாம். அந்தப் பிள்ளை பக்கத்துக் கம்பத்தைப் பார்த்துப் பதறினால் எனக்கு விளங்கும். டி.டி.ஓ.வில் செவ்வாய்க்கிழமை இரவு எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தால் ஒருவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. சம்பளம் குறையாது, வீட்டுக் கடன் கூடாது. பிறகு ஏன் ஐம்பத்திரண்டு வயது மனுஷி, நாள் முழுக்க மற்றவரின் உயிரைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறவ, சப்பாத்துக் கட்டும்போது கண் கலங்கவேண்டும்?

ஜெனிஃபர் குரொக்கர், கொனி வுல்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001 இல் எழுதியது இதற்குக் கொஞ்சம் உதவும். தன்மதிப்பு எல்லாருக்கும் ஒரே இடத்தில் கட்டப்பட்டிருப்பதில்லை என்பது அவர்களின் வாதம். படிப்பு, தோற்றம், மற்றவர்களின் மெச்சுதல், போட்டியில் முந்துவது, குடும்பத்தின் அன்பு, ஒழுக்கம், கடவுளின் அன்பு என்று ஏழு இடங்களைப் பார்த்தார்கள். எதில் கட்டியிருக்கிறீர்களோ அதில் ஏற்படுகிற சின்ன அசைவும் உங்களை ஆட்டும், மற்றவற்றில் விழுந்தால் அவ்வளவு நோகாது. இப்போது எங்கள் ஸ்ரூடியோவை நினைத்துப் பாருங்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி, உடம்பில் குறைந்த துணி, பக்கத்தில் இன்னொருத்தி, கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் ஃபோனில் வீடியோ எடுக்கிற நேரம். தோற்றம், போட்டி, மெச்சுதல் மூன்றும் ஒரே அறைக்குள். எங்களில் பலருக்கு இதோடு படிப்பும் ஒட்டியிருக்கும். மாஸ்ரர்ஸ் முடித்த அன்றோடு எனக்குப் புள்ளி போட ஆளில்லாமல் போனது, அதற்குப் பிறகு நான் எதைத் தொட்டாலும், சமையலோ ஓட்டமோ, உள்ளே ஒரு பழைய கட்டம் தன்னை நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது அம்மாவின் முதல் கேள்வி. இந்தக் கலை எங்கே இருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்: இரவு விடுதிகளில் ஆடி உழைத்த பெண்களிடமிருந்து. 1990களில் கனடாக்காரியான ஃபோனியா மொன்டே போன்றவர்கள் அதைச் சாதாரணப் பெண்களுக்கு உடற்பயிற்சியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். 2009 இல் சர்வதேசச் சம்மேளனம் வந்தது, 2012 இல் லண்டனில் முதல் உலகப் போட்டி. கொஞ்சக் காலத்துக்கு முன் பொழுதுபோக்காகப் பழகுகிற பெண்கள் பலர் தங்கள் படங்களோடு 'நான் விடுதி ஆட்டக்காரி இல்லை' என்று பொருள்படும் ஹாஷ்டாக் ஒன்றைப் போடத் தொடங்கினார்கள். விடுதிகளில் ஆடுகிற பெண்களுக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். நீங்கள் செய்கிற ஒவ்வொரு சுழற்சியும் எங்களுடையது, அதை எடுத்துக்கொண்டு எங்களைத் தள்ளி வைக்கிறீர்களா என்று கேட்டார்கள்.

இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. பிள்ளையைப் பரதநாட்டியத்துக்குக் கொண்டுபோய் விடுகிற நாங்கள் எல்லாரும் இதற்குள் இருக்கிறோம். சதிர் என்ற பெயரில் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள். 1935 இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார், 1936 இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது, நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாம் என்றானது. 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம். அந்தச் சட்டம் பல பெண்களைக் காப்பாற்றியது என்பதும் உண்மை. ஆனால் கலைக்குக் கிடைத்த மரியாதை, அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. பாலசரஸ்வதி மாதிரிச் சிலர்தான் தாங்கள் வந்த குடும்பத்தின் பெயரோடு கடைசிவரை நிமிர்ந்து ஆடினார்கள்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், மேலே பார்த்து ஏங்குவதும் கீழே பார்த்து ஆறுதல் அடைவதும் ஒரே பழக்கம். 'அவளைவிட நான் குறைவு' என்று அழுகிற அதே வாய்தான் 'அவளைப்போல நான் இல்லை' என்றும் சொல்கிறது. அம்மாவிடம் நான், "ஓம் அம்மா, அந்தக் கம்பம்தான், அந்தப் பெண்களிடம் இருந்து வந்ததுதான்" என்று சொன்னேன். அவ சமாதானம் ஆகவில்லை. ஆனால் சதிரைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தா, பிறகு "சரி, குளிருக்க அந்தக் கட்டைக் காற்சட்டையோட வெளியில வராத" என்றா. அவவிடம் இருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகளுக்கு வருவோம், நீங்கள் இதை வாசிக்கிறதும் அதற்காகத்தான். 1998 இல் கிளாவ்டியா முல்லரும் கரோல் ட்வெக்கும் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெற்றோர் மத்தியில் மிகவும் பிரபலம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரை 'நீ கெட்டிக்காரப் பிள்ளை' என்று மெச்சினார்கள், சிலரை 'நல்லாக முயற்சி செய்திருக்கிறாய்' என்று. அடுத்துக் கடினமான புதிர்கள் வந்தன, எல்லாரும் சறுக்கினார்கள். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள், பிறகு சுலபமானதைக் கொடுத்தபோதும் முன்னரைவிடக் குறைவாகச் செய்தார்கள். இவ்வளவும் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி அதிகம் பேசப்படாதது. பிள்ளைகளுக்கு இரண்டு வகைத் தகவல்களில் ஒன்றைத் தெரிவுசெய்ய விட்டார்கள்: மற்றப் பிள்ளைகள் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது, அல்லது இந்தப் புதிர்களை எப்படித் தீர்ப்பது என்பது. கெட்டிக்காரர் என்று மெச்சப்பட்டவர்கள் கூடுதலாகப் புள்ளிகளைக் கேட்டார்கள். முயற்சிக்கு மெச்சப்பட்டவர்கள் கூடுதலாக வழிகளைக் கேட்டார்கள்.

பக்கத்துக் கம்பத்தைப் பார்க்கிற இரண்டு விதமும் அதுதான். அந்த மாணவி இன்வேர்ட் செய்யும்போது நான் அவளுடைய தோளைப் பார்க்கலாம்: எந்த நேரத்தில் கீழே இழுக்கிறாள், எந்தக் கை மேலே, தலையை எப்போது பின்னால் விடுகிறாள். அல்லது ஆறு கிழமை என்ற எண்ணைப் பார்க்கலாம். கண் ஒன்றுதான், ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க முடியாது என்பது என் அனுபவம். தோளைப் பார்த்த நாட்களில் ஏதாவது கொண்டுவந்திருக்கிறேன்.

எங்கள் பேச்சுமொழியே இதில் எங்களுக்கு எதிராக நிற்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். 'அவன் புத்தகத்தைத் தொடமாட்டான், ஆனா நூறு எடுப்பான்' என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கிற பெருமையைக் கவனித்திருக்கிறீர்களா? இன்னொரு பிள்ளையைப் பற்றி 'பாவம், அது கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளை' என்போம். அந்தப் 'பாவம்' எங்கிருந்து வந்தது? முயற்சி என்பது எங்கள் வீடுகளில் மெச்சுகிற சொல் மாதிரித் தெரியும், உண்மையில் அது திறமை போதாது என்பதற்கான மருத்துவச் சான்றிதழ். வியர்க்காமல் வருவதுதான் உயர்வு. அதனால்தான் பிள்ளைகள் தாங்கள் படித்ததை மறைக்கிறார்கள். நானும் பல்கலைக்கழகத்தில் 'ஒண்டும் படிக்கேல்ல' என்று சொல்லிக்கொண்டு சோதனைக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தி.

அதற்காக 'நல்லா முயற்சி செய்தாய்' என்று பூசி மெழுகினாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மகளுக்கு ஒன்பது வயது, சனிக்கிழமைகளில் நடன வகுப்பு. ஒரு நாள் காருக்குள் ஏறியதும், "அவளுக்கு எல்லாம் ஈசியா வருது, எனக்கு வராது, நான் மொக்கு" என்றாள். நான் புத்தகம் சொன்னபடி, நீ எவ்வளவு முயற்சி செய்யிறாய், அதுதான் முக்கியம் என்று தொடங்கினேன். அவள் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப நான் நல்லாச் செய்யேல்ல எண்டுதானே அர்த்தம்?" அதற்குப் பதில் இல்லை. அது அப்படித்தான் கேட்கும், தோற்றவருக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு மாதிரி.

பிறகு நான் செய்தது வேறு, அதைக் கம்பத்திலிருந்துதான் எடுத்தேன். எங்கள் ஆசிரியை ஒருநாளும் 'நல்ல முயற்சி' என்று சொல்வதில்லை. 'போன கிழமை உன் வலது தோள் காதுக்குக் கிட்ட இருந்தது, இன்று கீழே இருக்கிறது' என்பா. அவ்வளவுதான், மெச்சுதல்கூட இல்லை. ஆனால் அதைக் கேட்டால் ஒரு மாதத்துக்குப் போதும், யாரோ பார்த்திருக்கிறார் என்று. நான் மகளின் வகுப்பில் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு அவளுடைய காலைப் பார்க்கத் தொடங்கினேன். அரைமண்டியில் மூன்றாவது சுற்றில் முழங்கால் எழும்புகிறதா இல்லையா என்று. எழும்பவில்லை என்றால் அதைச் சொல்வேன், எழும்பினால் அதையும். அவளுக்கு அது பிடிக்குதோ தெரியாது, ஆனால் மறுக்க முடியாத செய்தி அது, மற்றப் பிள்ளை எப்படி ஆடினாலும் மாறாது. மொக்கு என்ற சொல் முற்றாகப் போகவில்லை. இப்போது சில நாட்களில் அதற்குப் பதிலாக, "எனக்கு அந்த இடத்தில கால் வருகுதில்ல" என்கிறாள். அந்த வசனத்தோடு ஏதாவது செய்யலாம்.

தாதிக்கும் நான் அதையே செய்து பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன் வகுப்பு முடிவில் எடுத்த வீடியோ ஒன்று என் ஃபோனில் இருந்தது, பின்னால் அவ இரண்டு எட்டு ஏறி வழுக்கி இறங்குவது தெரியும். காட்டினேன். இரண்டு தரம் பார்த்தா. "அந்தக் காற்சட்டையை எறிந்துவிட்டேன்" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த தவணைக்கும் பதிந்திருக்கிறா.

வைகாசி கடைசியில் ஸ்ரூடியோவில் குடும்பத்தவர்கள் வந்து பார்க்கிற நாள் ஒன்று வைத்தார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாயில் ஒரு புத்தகத்தோடு இருந்தாள், வாசிக்கிற மாதிரித் தெரிந்தது. அந்த மாணவி சுழன்றாள், ஆயிஷா என்கிற கைகளில் நிற்கிற நிலையெல்லாம் செய்து காட்டினாள், எல்லாரும் கைதட்டினார்கள். நான் இன்வேர்ட்டுக்கு முயன்றுகொண்டே இருந்தேன்.

காரில் சோர்ஸ் பூல்வார் சிக்னலில் நிற்கும்போது, "அம்மா, நீங்கள் ஒன்பது தரம் விழுந்தீங்கள்" என்றாள்.

"எண்ணினியா?"

"ஓம். ஆறாவதிலதான் கிட்ட வந்தீங்கள். பிறகு கையை மாத்திப்போட்டீங்கள். ஏன் மாத்தினீங்கள்?"